‘வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

1990 ஜனவரி 25 இரவு. கொலம்பியாவிலிருந்து வந்த ஏவியாங்கா 52 என்ற போயிங் 707 விமானம் நியூயார்க்கை நெருங்கிக்கொண்டிருந்தது. வானிலை மோசம்; விமான நிலையத்தில் நெரிசல். இறங்க அனுமதி கிடைக்காமல் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் வானிலேயே சுற்ற வேண்டியிருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தது. ‘முன்னுரிமை தேவைப்படும் என்று நினைக்கிறோம்’ என்று துணை விமானி தரைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். முதல் முறை இறங்க முயன்று முடியாமல் மேலேறிய பிறகு, ‘எரிபொருள் தீர்கிறது சார்’ என்றார். இன்னொரு சுற்று சுற்றி வர வைத்தால் எரிபொருள் தாங்குமா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டபோது அவர் தந்த பதில்: “ஐ கெஸ் ஸோ, தேங்க்யூ வெரி மச்.”

‘எமர்ஜென்சி’ என்ற சொல்லை அவர் கட்டுப்பாட்டு அறையிடம் கடைசிவரை சொல்லவே இல்லை. நான்கு இன்ஜின்களும் நின்றுபோய் விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. அதில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் அவசரநிலையை விமானக் குழு உரிய நேரத்தில் அறிவிக்கத் தவறியதை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விபத்துக்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது.

அந்தத் துணை விமானிக்கு ஆங்கிலம் தெரியும். ஆபத்து இருப்பதும் தெரியும். ஆபத்தின் அளவு அவர் தேர்ந்த சொற்களில் ஏறவில்லை. நம் அலுவலகங்களில் இந்தக் குரல் தினமும் கேட்கிறது. தவறான திட்டம் கண்ணுக்குத் தெரியும். வெளிநாட்டு மேலாளர் எதிரே இருப்பார். “ஜஸ்ட் ஒன் ஸ்மால் திங் சார்” என்று தொடங்கி, அவர் புருவத்தை உயர்த்தியதும் “நோ இஷ்யூஸ் சார், ஜஸ்ட் சொன்னேன்” என்று முடித்துவிடுகிறோம். பிறகு அந்தத் திட்டம் உடையும்போது, “ஏன் அப்போதே சொல்லவில்லை?” என்ற கேள்வி நம்மிடமே வரும்.

எச்சரிக்கை சொல்லும் ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்ள முடியும். அதற்கு ஒரே ஓர் அடிப்படை விதி போதும்: சொல்லின் அழுத்தம் ஆபத்தின் அளவோடு பொருந்த வேண்டும்.

நான்கு படிகள்

வாயைத் திறக்குமுன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தவறினால் இழப்பு எவ்வளவு? பிறகு சரிசெய்ய முடியுமா? தடுக்க எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது? விடைக்கு ஏற்றபடி கீழ்க்காணும் நான்கில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

முதல் படி, யோசிக்கச் சொல்வது. இழப்பு சிறியது, திருத்திக்கொள்ளலாம் என்றால் இது போதும். “இட் மைட் பி வொர்த் அ செகண்ட் லுக்” என்றால் இன்னொரு முறை பார்ப்பது நல்லது என்று பொருள். “ஐ வுட் திங்க் ட்வைஸ் பிஃபோர் சேஞ்சிங் தி வெண்டர்” என்றால், வெண்டரை மாற்றுமுன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள் என்பது செய்தி. முடிவு அவர் கையில்தான் இருக்கிறது என்பதும் இதில் அடங்கும்.

இரண்டாம் படி, தள்ளிப்போடச் சொல்வது. திட்டம் சரியாக இருக்கலாம், நேரம் சரியில்லை. “லெட்ஸ் ஹோல்ட் ஆஃப் அன்டில் தி டெஸ்ட் ரிசல்ட்ஸ் ஆர் இன்” என்பதற்கு, சோதனை முடிவுகள் வரும்வரை பொறுப்போம் என்று பொருள். “லெட்ஸ் நாட் ரஷ் இன்டு திஸ்” என்பது நம் ‘பதறாத காரியம் சிதறாது’ சொல்லும் அதே அறிவுரை. “கேன் வி ஸ்லீப் ஆன் இட்?” என்றால் நாளைக்கு முடிவு செய்யலாமா என்று கேட்கிறீர்கள். இந்தப் படியில் ‘எதுவரை’ என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். காலம் குறிக்காமல் ‘பொறுப்போம்’ என்றால், வேலைக்குப் பயப்படுகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

மூன்றாம் படி, வேண்டாம் என்று பரிந்துரைப்பது. “ஐ வுட் அட்வைஸ் அகைன்ஸ்ட் சைனிங் திஸ்” என்றால், இதில் கையெழுத்திட வேண்டாம் என்பது என் ஆலோசனை. “ஐ டோன்ட் ரெகமெண்ட் இட்” இதைவிடச் சுருக்கமானது. “ஐ வுட் ஸ்டீர் க்ளியர் ஆஃப் தட் சப்ளையர்” என்றால் அந்த சப்ளையர் பக்கமே போகாதீர்கள் என்று பொருள். இது பேச்சுக்கு நன்றாக இருக்கும், அலுவல் கடிதத்துக்குப் பொருந்தாது. கடிதத்தில் ‘அட்வைஸ் அகைன்ஸ்ட்’ எழுதுங்கள்.

நான்காம் படி, நிறுத்துவது. உயிர், சட்டம், வாடிக்கையாளரின் பணம், தனிப்பட்ட தகவல்கள் ஆகியவற்றுக்கு ஆபத்து என்றால் நேராக இங்கே வந்துவிடுங்கள். “ப்ளீஸ் ஸ்டாப்.” “வி மஸ்ட் நாட் ஷேர் திஸ் டேட்டா.” “திஸ் இஸ் அ சேஃப்டி இஷ்யூ.” இந்த வாக்கியங்களோடு ‘ஐ திங்க்’, ‘மேபி’, ‘கைண்ட் ஆஃப்’ எதையும் ஒட்டாதீர்கள். மரியாதைக்கு ஒரு ‘ப்ளீஸ்’ போதும்.

இது ஆங்கிலக் குறைபாடு அல்ல

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாததால்தான் நமக்கு இந்தச் சிக்கல் என்று நினைக்காதீர்கள். 1978 டிசம்பர் 28 அன்று போர்ட்லண்டில் யுனைடெட் 173 விமானம் இதே போல எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். அந்தக் குழுவினர் அமெரிக்கர்கள். கேப்டன் தரையிறங்கும் சக்கரங்களின் கோளாறிலேயே மூழ்கியிருந்தார். எரிபொருள் குறைவதைச் சக விமானிகள் சொன்னார்கள்; அவரை உலுக்கும் அளவுக்குச் சொல்லவில்லை. கேப்டன்கள் மற்றவர் பேச்சைக் கேட்கவும், மற்றவர்கள் உறுதியாகப் பேசவும் பயிற்சி வேண்டும் என்று விசாரணை வாரியம் பரிந்துரைத்தது. 1979இல் நாசா இதற்காக ஒரு பட்டறை நடத்தியது. 1981இல் யுனைடெட் நிறுவனம் விமானிகளுக்கு இத்தகைய பயிற்சியைத் தொடங்கியது. பின்னர் உலகெங்கும் விமான நிறுவனங்கள் அந்த வழியைப் பின்பற்றின.

மேலதிகாரியை மறுப்பதில் தயக்கம் எல்லா மொழியிலும் உண்டு. பயிற்சியால் அதைத் தாண்டலாம். மருத்துவத் துறையும் அதைத்தான் செய்தது. 2006இல் அமெரிக்காவில் உருவான டீம்ஸ்டெப்ஸ் என்ற மருத்துவமனைப் பயிற்சித் திட்டம் மூன்று வாக்கியங்களைக் கற்றுத்தருகிறது. “ஐ ஆம் கன்சர்ன்ட்” – எனக்குக் கவலையாக இருக்கிறது. “ஐ ஆம் அன்கம்ஃபர்டபிள்” – இதற்கு என் மனம் ஒப்பவில்லை. “திஸ் இஸ் அ சேஃப்டி இஷ்யூ” – இது பாதுகாப்புப் பிரச்சினை. ஒன்றுக்குப் பதில் வராவிட்டால் அடுத்ததற்கு ஏற வேண்டும். இன்னொரு விதியும் அதில் உண்டு: எச்சரிக்கையை ஒரு முறை சொல்லிக் கவனிக்கப்படவில்லை என்றால் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டும், அப்போதும் பதில் இல்லையென்றால் மேலிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வெளிநாட்டு மருத்துவமனைகளில் பணிபுரியும் நம் செவிலியர்களுக்கு இந்த மூன்று வாக்கியங்களும் நாக்கில் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு நல்ல எச்சரிக்கையின் நான்கு பகுதிகள்

‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் முட்டுக்கட்டை போடுகிறார் என்ற பெயர் வரும். நான்கு பகுதிகளாகச் சொல்லுங்கள்: நான் பார்ப்பது என்ன, அதனால் என்ன நடக்கலாம், நான் கேட்பது என்ன, மாற்று வழி என்ன.

வெள்ளிக்கிழமை மாலை புது ரிலீஸ் போடச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். இப்படிப் பேசலாம்:

“தி ரோல்பேக் ஹேஸ் நாட் பீன் டெஸ்டட். இஃப் திஸ் ஃபெயில்ஸ் டுநைட், பில்லிங் வில் பி டவுன் ஆல் வீக்கெண்ட். ஐ வுட் அட்வைஸ் அகைன்ஸ்ட் ரிலீசிங் டுடே. கேன் வி டூ இட் ஆன் மண்டே மார்னிங்?”

பழைய நிலைக்குத் திரும்பும் வழியைச் சோதிக்கவில்லை, இன்றிரவு தவறினால் வார இறுதி முழுக்க பில்லிங் நின்றுவிடும், இன்று வேண்டாம், திங்கள் காலை செய்யலாமா? நான்கே வாக்கியங்கள். இதில் யாரையும் குறை சொல்லவில்லை. ‘யூ’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். “யூ ஆர் டேக்கிங் அ ரிஸ்க்” என்றால் எதிரே இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். “தேர் இஸ் அ ரிஸ்க் ஹியர்” என்றால் இருவரும் சேர்ந்து ஆபத்தைப் பார்ப்பீர்கள்.

நாம் அடிக்கடி இடறும் இடங்கள்

“யூ பெட்டர் டோன்ட் கோ” என்பது தவறு. “யூட் பெட்டர் நாட் கோ” என்பதே சரி. இலக்கணம் சரியானாலும் அதில் ‘போனால் விளைவை நீயே அனுபவி’ என்ற தொனி இருக்கிறது. நண்பரிடம் சொல்லலாம், மேலாளரிடமும் வாடிக்கையாளரிடமும் சொல்லக்கூடாது.

“ஐ சஜஸ்ட் யூ டு அவாய்ட்” என்பதில் ‘டு’ வராது. “ஐ சஜஸ்ட் யூ அவாய்ட் திஸ் ரூட்” என்று சொல்லுங்கள். அதேபோல “அவாய்ட் டு யூஸ்” கிடையாது. “அவாய்ட் யூசிங்” என்றே வரும்.

“மஸ்ட் நாட்”, “டோன்ட் ஹேவ் டு” இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆபத்தானது. “யூ மஸ்ட் நாட் ஓப்பன் தி வால்வ்” என்றால் வால்வைத் திறக்கக்கூடாது. “யூ டோன்ட் ஹேவ் டு ஓப்பன் தி வால்வ்” என்றால் திறக்கத் தேவையில்லை, விருப்பமிருந்தால் திறக்கலாம். தமிழில் ‘கூடாது’, ‘தேவையில்லை’ இரண்டையும் நாம் ஒருபோதும் குழப்புவதில்லை. ஆங்கிலத்தில் பேசும்போதும் முதலில் மனதில் இவற்றில் எது என்று தீர்மானித்துக்கொண்டால் பிழை வராது.

“ஐ ஹேவ் அ டவுட்” என்று நாம் சொல்வது பெரும்பாலும் ‘ஒரு சந்தேகம் கேட்க வேண்டும்’ என்ற பொருளில்தான். வெளிநாட்டவர் காதில் அது ‘எனக்கு இதில் நம்பிக்கை இல்லை’ என்று விழும். கேள்வி என்றால் “ஐ ஹேவ் அ க்வெஸ்டின்” என்றும், எச்சரிக்கை என்றால் “ஐ ஹேவ் அ கன்சர்ன்” என்றும் பிரித்துச் சொல்லிப் பழகுங்கள்.

“லெட்ஸ் டேபிள் திஸ்” என்பதைத் தவிர்த்துவிடுங்கள். அமெரிக்கருக்கு அது ‘ஒத்திவைப்போம்’. பிரிட்டிஷாருக்கு ‘விவாதத்துக்கு எடுப்போம்’. இரு நாட்டினரும் இருக்கும் கூட்டத்தில் பாதிப் பேர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார்கள். “லெட்ஸ் போஸ்ட்போன் திஸ்” எல்லோருக்கும் புரியும்.

“வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்” மரியாதைச் சொல் போலத் தோன்றும். ஆனால் மோதலுக்கு முன்னால் வரும் சொல்லாகவே பலர் அதைக் கேட்கிறார்கள். அதற்குப் பதில் “ஐ ஸீ இட் டிஃப்ரன்ட்லி” என்று சொல்லுங்கள்.

பழமொழிகளை யாரிடம் சொல்வது?

“பெட்டர் சேஃப் தேன் சாரி”, “லுக் பிஃபோர் யூ லீப்” போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. முதலாவது, பின்னால் வருந்துவதைவிட முன்னால் கவனமாக இருப்பதே மேல் என்கிறது. இரண்டாவது நம் ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ சொல்வதையே சொல்கிறது. இவற்றை மேலதிகாரியிடம் சொன்னால் பாடம் நடத்துவது போல இருக்கும். உங்கள் சொந்தச் செயலை விளக்கும்போது சொன்னால் பொருந்தும்: “ஐ டுக் அன் எக்ஸ்ட்ரா பேக்கப், பெட்டர் சேஃப் தேன் சாரி.”

அலுவலகத்துக்கு மிகவும் ஏற்ற தொடர் “எர் ஆன் தி சைட் ஆஃப் காஷன்.” உறுதியாகத் தெரியாத நிலையில் கவனத்தின் பக்கமே சாய்வோம் என்று பொருள். “லெட்ஸ் எர் ஆன் தி சைட் ஆஃப் காஷன் அண்ட் ஆர்டர் டென் எக்ஸ்ட்ரா” என்றால், எதற்கும் பத்து கூடுதலாகவே ஆர்டர் செய்வோம். பேச்சிலும் கடிதத்திலும், மேலே இருப்பவரிடமும் கீழே இருப்பவரிடமும் இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

கேட்கும் காதும் வேண்டும்

எச்சரிக்கை உங்களுக்கும் வரும். அது மென்மையான உடையில் வரும். “ஐ வுட் பி அ பிட் கேர்ஃபுல் வித் தட்” என்று ஒரு பிரிட்டிஷ் மேலாளர் சொன்னால், பெரும்பாலும் ‘அதைச் செய்யாதே’ என்றுதான் சொல்கிறார். “நாட் ஐடியல்” என்றால் நிலைமை மோசம். “ஐ ஹேவ் அ ஃப்யூ ரிசர்வேஷன்ஸ்” என்றால் எதிர்ப்பு இருக்கிறது. “யூ மே வான்ட் டு செக் தட்” என்றால் உடனே சரிபார்த்துவிடுங்கள். அது விருப்பத் தேர்வு அல்ல.

இன்சியாட் வணிகப் பள்ளிப் பேராசிரியர் எரின் மேயர் 2014இல் வெளியிட்ட ‘தி கல்ச்சர் மேப்’ நூலில் இதை விளக்குகிறார். சில நாட்டினர் குறையைச் சொல்லும்போது ‘அப்சல்யூட்லி’, ‘டோட்டலி’ போன்ற அழுத்தச் சொற்களைச் சேர்க்கிறார்கள். வேறு சிலர் ‘அ பிட்’, ‘ஸார்ட் ஆஃப்’ போன்ற தணிக்கும் சொற்களைச் சேர்க்கிறார்கள். டச்சுக்காரர் நேராகச் சொல்வார். பிரிட்டிஷ்காரர் தணித்துச் சொல்வார். எனவே ‘அ பிட்’ என்ற சொல்லை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐயமிருந்தால் திருப்பிக் கேளுங்கள்: “ஸோ யூ வுட் ப்ரிஃபர் தட் வி டோன்ட் டூ இட். இஸ் தட் ரைட்?” இந்த ஒரு கேள்வி பல வாரங்களின் வேலையைக் காப்பாற்றும்.

ஆவணத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு

பேச்சில் இருக்கும் நெகிழ்ச்சி ஆவணங்களில் இல்லை. இணையத் தொழில்நுட்ப விதிகளுக்காக 1997 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம் இதை வரையறுத்தே வைத்திருக்கிறது. அதன்படி ‘மஸ்ட் நாட்’ என்றால் முழுத் தடை. ‘ஷுட் நாட்’ என்றால், தகுந்த காரணம் இருந்தால் விளைவுகளை முழுமையாக எடைபோட்ட பிறகு செய்யலாம். ‘மே’ என்றால் உங்கள் விருப்பம். மென்பொருள் துறையில் இருப்பவர்கள் ‘ஷுட் நாட்’ என்று எழுதிவிட்டு, யாராவது அதை மீறும்போது கோபப்படுவதில் பொருளில்லை. தடை என்றால் ‘மஸ்ட் நாட்’ என்றே எழுத வேண்டும்.

தொழிற்சாலைப் பலகைகளிலும் இப்படி ஒரு வரிசை உண்டு. அமெரிக்காவின் ஆன்சி இசட்535 தரப்படி, ‘டேஞ்சர்’ என்றால் தவிர்க்காவிட்டால் உயிரிழப்போ படுகாயமோ நேரும். ‘வார்னிங்’ என்றால் அது நேரக்கூடும். ‘காஷன்’ என்றால் சிறிய அல்லது நடுத்தரக் காயம் நேரக்கூடும். ‘நோட்டீஸ்’ காயம் தொடர்பானதே அல்ல. இந்தத் தரத்தைப் பின்பற்றும் இயந்திரங்களோடு வேலை செய்பவர்கள் இந்த நான்கு சொற்களையும் ஒன்றாக எண்ணிக் கடந்துவிடக் கூடாது. புதிதாக வரும் தொழிலாளிக்கு முதல் நாளே இந்த வேறுபாட்டைத் தமிழில் சொல்லிக்கொடுங்கள்.

எழுத்தில் வையுங்கள், அழுத்தத்தில் பின்வாங்காதீர்கள்

மார்ட்டன் தியோகால் நிறுவனப் பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜோலி, சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் ராக்கெட் இணைப்பு வளையங்கள் குறித்து 1985 ஜூலை 31 அன்று தன் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். இதைச் சரிசெய்யாவிட்டால் உயிர்கள் போகும் பேரழிவு நேரலாம் என்று அதில் பூசி மெழுகாமல் எழுதியிருந்தார். 1986 ஜனவரி 27 இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் வாதிட்டார்கள். நாசா அதிகாரிகள் கேள்விகளால் நெருக்கியதும் நிறுவனத்தின் நிர்வாகிகள் தங்கள் பரிந்துரையை மாற்றிக்கொண்டார்கள். மறுநாள் காலை சேலஞ்சர் புறப்பட்ட 73 நொடிகளில் சிதறியது. அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

சரியான சொல் எப்போதும் வெல்லும் என்று இந்த வரலாறு உறுதி தரவில்லை. ஆனால் எழுதி வைத்த எச்சரிக்கை அழியவில்லை. விசாரணையில் உண்மை வெளிவர அந்தக் குறிப்பு உதவியது. ஆகவே முக்கியமான எச்சரிக்கையை வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தலைப்பிலேயே செய்தி இருக்கட்டும்: “கன்சர்ன்: அன்டெஸ்டட் ரோல்பேக், ரெகமெண்ட் டிலே.” ‘ஃப்யூ பாயிண்ட்ஸ்’ என்று தலைப்பிட்ட கடிதத்தை யாரும் அவசரமாகத் திறக்கமாட்டார்கள்.

“எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், நீங்கள் மட்டும்தான்” என்று அழுத்தம் வரும்போது சொல்ல ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள்: “அன்லெஸ் தி டேட்டா ஹேஸ் சேஞ்ச்ட், மை ரெகமெண்டேஷன் ஸ்டாண்ட்ஸ்.” தரவு மாறாதவரை என் பரிந்துரையும் மாறாது. அதையும் மீறி முடிவெடுத்தால் சண்டை வேண்டாம், “ஐ அண்டர்ஸ்டாண்ட் தி டெசிஷன். ப்ளீஸ் நோட் மை கன்சர்ன் இன் தி மினிட்ஸ்” என்று கேளுங்கள். கூட்டக் குறிப்பில் உங்கள் கவலை பதிவாகும், உறவும் கெடாது. உயிருக்கோ சட்டத்துக்கோ ஆபத்து என்றால் மட்டும் அத்தோடு நிற்காமல் அடுத்த மேலிடத்துக்குப் போங்கள்.

இன்றே தொடங்குங்கள்

உங்கள் வேலையில் அடிக்கடி வரும் மூன்று ஆபத்துகளை எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்தப் படி என்று குறியுங்கள். அதற்கான ஆங்கில வாக்கியத்தை, நான்கு பகுதிகளோடு, எழுதி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது குரல் கேள்வி போல மேலேறுகிறதா என்று கவனியுங்கள். நான்காம் படி வாக்கியங்கள் தாழ்ந்த, நிதானமான குரலில் முடிய வேண்டும். குழுத் தலைவராக இருப்பவர்கள் இன்னொன்றும் செய்யுங்கள்: ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் “வாட் ஆர் வி மிஸ்ஸிங்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். எச்சரிப்பவருக்கு நன்றி சொல்லுங்கள், அவர் தவறாகக் கணித்திருந்தாலும்.

மென்மை நல்லது, தெளிவு அதைவிட முக்கியம். உங்களுக்குத் தெரிந்த ஆபத்தை, அதன் உண்மையான அளவோடு, முடிவெடுப்பவர் காதில் விழும்படி சொல்வது உங்கள் பணியின் ஒரு பகுதி. தயங்காமல் சொல்லுங்கள்.